மக்கள் பூங்காவும் இரும்பு மதிலும்

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் 1968ல் தன் வளாகத்தருகே வாங்கிய வீடுகளை இடித்துத் தள்ளியது. மனை வெறும் சேறாகக் கிடந்தது. 1969 ஏப்ரலில் மாணவர்களும் ஊர் ஜனங்களும் அங்கே புல் பதித்து, செடி நட்டு, ‘மக்கள் பூங்கா’ என்று பெயரிட்டார்கள். மே 15 அதிகாலையில் போலீஸ் புகுந்து வேலி போட்டது. அன்றே துப்பாக்கிப் பிரயோகம்! குண்டடிபட்ட ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது வாலிபர் நாலாம் நாள் மாண்டார். கவர்னர் ரீகன் பட்டாளத்தையே இறக்கினார்.

2024 ஜனவரியில் கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி அதே பூங்காவைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஜூனில் மாநில உச்ச நீதிமன்றமும் வழிவிட்டது. சுமார் 1,100 மாணவர் தங்க விடுதியாம்!

மாணவருக்கு விடுதி வேண்டாமென்று யார் சொன்னது? வாடகைக் கொடுமை அங்கேயும் உண்டு. ஆனால் 1968ல் இதே நிர்வாகம் இடித்தது வீடுகளைத்தானே! மாணவர்களும் அவற்றில் வாடகைக்குக் குடியிருந்தார்கள்.