பாலூட்டும் தாயும் மருந்தும்



1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவிச் சட்டமுன்வடிவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்றார் அவர். அத்தாயின் நலன் குறித்தே இன்று நாம் பேசவிருக்கிறோம்.

பிள்ளைக்குப் பாலூட்டும் தாய் நோயுற்றால் நம் தெருக்களில் இரண்டிலொன்று நிகழ்கிறது. மருந்து பிள்ளைக்கு ஆகாது என்று அஞ்சி மாத்திரையை நிறுத்துகிறார்கள். அல்லது தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாறுகிறார்கள். தூய நீரில்லாத வீட்டில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொணரும். மருத்துவரைக் கேளாமல் இவ்விரண்டையும் செய்யலாகாது.

தாய் உண்ணும் மருந்து இரத்தத்தின் வழியே பாலில் சேர்கிறது. பெரும்பாலான மருந்துகளில் அவ்வாறு சேரும் பங்கு மிகச் சிறிது. காய்ச்சலுக்குரிய பாரசிட்டமாலும், வலிக்குரிய இபுபுரோஃபெனும் உரிய அளவில் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துகளை உண்ணும் தாயும் பாலூட்டலாம். அம்மருந்துகளை நடுவில் நிறுத்தினால் நோய் முற்றும், பிள்ளைக்கும் தொற்றும். பிள்ளைக்கு வேண்டிய தடுப்பு மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

எல்லா மருந்தும் அத்தகையன அல்ல. கோடீன், டிரமடால் ஆகியவற்றைப் பாலூட்டும் தாய்மார் உட்கொள்ள வேண்டாமென அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2017-இல் எச்சரித்தது. அவை பிள்ளையின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். இருமல் மருந்துகள் சிலவற்றில் கோடீன் உண்டு. புற்றுநோய் மருந்துகள் பலவற்றுக்கும், கதிரியக்க அயோடினுக்கும் பாலூட்டலை நிறுத்தியே ஆகவேண்டும். மதுவும் பாலில் கலக்கும்.

பிறந்து இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்கும், குறைமாதப் பிள்ளைக்கும் மருந்தை வெளியேற்றும் ஆற்றல் குறைவு. தாய் மருந்துண்ணும் நாள்களில் பிள்ளை எழுப்பியும் எழாமல் உறங்கினால், பால் குடிக்க மறுத்தால், மூச்சுவிடத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இளைஞர்களே! கேள்வி கேட்பதே குற்றமென்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாம். மருத்துவர்முன் வாய்திறவாது சீட்டை வாங்கித் திரும்பும் நம் தாய்மார் இன்றும் உள்ளனர். அவர்களுடன் நீங்கள் செல்லுங்கள். “பால் கொடுக்கும் தாய், பிள்ளைக்கு இத்தனை மாதம்” என்று முதலிலேயே சொல்லுங்கள். இம்மருந்து பிள்ளைக்கு ஏற்றதா, எத்தனை நாள் உண்பது என்று கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கும் இதுவே முறை. அட்டையிலுள்ள மருந்தின் பெயரைப் படித்துக் குறித்து வையுங்கள்.

நாம் பெற்ற எழுத்தறிவு சான்றிதழோடு நின்றுவிடாமல், மாத்திரை அட்டை வரையிலும் செல்லட்டும்.