விருப்பப் பாடலும் வீட்டுப் படமும்



பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வடக்கே வருகின்ற தமிழர் தம் பெட்டியில் என்னென்ன கொண்டு வருகிறார்கள் என்று யாரேனும் கணக்கெடுத்தால், காப்பிப் பொடிக்கும் அப்பளத்துக்கும் அடுத்த இடம் பாட்டுக்கே கிடைக்கும். நான் தில்லிக்கு வந்த நாளில் என் பெட்டியில் பதினோரு கேசட்டுகள் இருந்தன. ஊரிலிருந்த ஒலிப்பதிவுக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து பெற்றவை அவை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட இச்சிறு நாடாப் பெட்டி நம் நாட்டில் ஒரு புதுக்கலையையே பிறப்பித்தது எனலாம். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். திரைப்பாடல் ஒன்று நாலரை நிமிடம் ஓடுமானால், ஆறு பாடல்கள் முழுமையாக அடங்கும்; ஏழாவது பாடல் நடுவழியில் அறுந்து போகும். முதலில் எதை வைப்பது, சோகத்துக்குப் பின் எது வருவது, ஏழாம் இடத்தில் எதைப் பலியிடுவது என்று இரவெல்லாம் எண்ணி எழுதியவர்களை நான் அறிவேன். இன்று கைப்பேசியில் முந்நூறு பாடல்களை ஒரு நொடியில் கோத்து நண்பருக்கு அனுப்பிவிடுகிறோம். வசதிதான், ஐயமில்லை. ஆயினும் விட்டுவிட வேண்டிய பாடல் எது என்னும் கேள்வி எழாத பட்டியலில், அனுப்பியவரின் முகம் தெரிவதில்லை என்பது என் கருத்து.

ஓரறையில் நால்வராகத் தங்கியிருந்த நாட்களில் நாங்கள் கேசட்டுகளை மாற்றிக்கொண்டோம். மதுரைக்காரர் ஒருவர் வாய் திறந்து தம் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவருடைய கேசட்டைக் கேட்ட பின்னர்தான், அவர் யாரையோ பிரிந்து வந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் புலனாயிற்று.

பிற்காலத்தில் எனக்கு வேறொரு பித்தும் பிடித்தது. கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கும் பித்து அது. அலுவலகத்தில் நாள் முழுதும் பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பவனுக்குத் தனதென்று ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை வருவது இயல்புதானே!

அதற்கேற்ற பொருளும் தானே வந்து வாய்த்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது. அக்குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. எங்கள் வரிசையையும் காலி செய்ய வேண்டும் என்று தெரிந்தபோது, அடுத்த வீட்டு அம்மையாரைப் படம் எடுக்க விரும்பினேன். நெல்லைச் சீமையைச் சேர்ந்த அவர், மகனோடு அவ்வீட்டில் இருந்தார். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பதிவு செய்து வந்த கேசட் ஒன்றை, மாலையில் விளக்கேற்றிய பின் அம்மையார் நாள்தோறும் கேட்பார்.

"தம்பி, என்னைப் படம் பிடிச்சு யாரு பார்க்கப் போறா?" என்று நகைத்தாரேயன்றி மறுக்கவில்லை.

முதல் நாள் படப்பிடிப்பிலேயே ஒரு பாடம் கற்றேன். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு கோணங்களில் படம் எடுத்தேன். பின்னர் அவற்றை வெட்டி ஒட்டிப் பார்த்தால், பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவுகிறது. மறுபடியும் பல்லவிக்கு ஓடுகிறது! இசை ஒலிக்கும் காட்சியை இசையின்றி எடுத்து, படத்தொகுப்பின்போது பாட்டைச் சேர்ப்பதுதான் முறை. அந்த அறைக்கே உரிய அமைதியையும், விசிறியின் முனகலையும், யாரும் பேசாத அரை நிமிடத்தையும் தனியே பதிவு செய்துகொள்வதும் இன்றியமையாதது. நானோ இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. ஆகவே, அதே பாடலை என் சேமிப்பிலிருந்து எடுத்து, தூய்மையான ஒலியோடு காட்சியின் மேல் பரப்பினேன். அம்மையார் சன்னலோரம் அமர்ந்திருக்கிறார்; பாட்டு ஓங்குகிறது; என் கண்ணும் கலங்குகிறது. பெரிய சாதனை செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

தமிழ் நண்பர்கள் நால்வருக்குப் போட்டுக் காட்டினேன். நால்வரும் உருகினர். ஐந்தாமவர் வங்காளி, என்னோடு பணியாற்றுபவர், தமிழ் அறியாதவர். முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார், பிறகு என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

அன்றிரவு ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தேன். அவர் கேட்டது முற்றும் நியாயம். ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவ்வளவே. எங்களை உருக்கியது பாட்டு. அதுவும் அப்பாட்டை நாங்கள் இளமையில் எங்கெங்கோ கேட்ட நினைவு. என் காமிரா அந்த அம்மையாரைக் காணவே இல்லை.

இதற்கிடையே சட்டமும் ஒரு பக்கம் நின்றது. படத்தைச் சங்கத்து மண்டபத்திலோ இணையத்திலோ காட்ட வேண்டுமானால், பிறர் பாடலை நம் விருப்பம்போல் சேர்த்துவிட முடியாது. இதனை நம்மவர் பலர் அறியாமையால், ஈண்டுச் சற்று விரித்துரைக்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுக் காலம் நிற்கும். 1962இல் வெளியான இசைத்தட்டின் உரிமை 2022ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. ஆனால் பாடலின் சொல்லுக்கும் மெட்டுக்கும் தனித்தனியே உரிமை உண்டு; அவை ஆக்கியவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழியும் வரை நீடிக்கும். பாரதியாரின் படைப்புரிமையைச் சென்னை அரசு 1949இல் பெற்றுப் பின்னர் மக்களுக்கே அளித்தது. ஆதலால் அவருடைய சொல் நமக்குப் பொது. எனினும் அதற்குப் பிற்காலத்தார் ஒருவர் அமைத்த மெட்டும், மற்றொருவர் பாடிய பதிவும் பொதுவாகிவிடா. தனிப்பட்ட முறையில் பாட்டுக் கேட்பதும் நண்பரோடு சுவைப்பதும் ஒன்று. அதனைத் தம் படத்தில் ஏற்றி ஊருக்குக் காட்டுவது மற்றொன்று.

பாட்டை நீக்கினேன். காட்சியில் எதுவும் எஞ்சவில்லை. மீண்டும் அம்மையாரிடம் சென்றேன். வீட்டில் பாதிச் சாமான்கள் கட்டப்பட்டுவிட்டன. கேசட் பெட்டி மட்டும் சன்னலோரத்தில் இருந்தது. அன்று நான் கோணம் எதுவும் தேடாமல், கைப்பேசியை ஓர் முக்காலியின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஏழாவது பாடல் சரணத்தின் நடுவே அறுந்தது. விசை 'டக்' என்று எழும்பியது. அறையில் விசிறி மட்டும் சுழன்றது.

அப்பொழுது அம்மையார் தாமாகவே பேசத் தொடங்கினார். "இந்தப் பாட்டு முழுசா வரணும்னு அவுக கடைக்காரன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாக. அவன் கேக்கல. அவுகளும் சண்டை போட்டுட்டுக் காசு கொடுக்காமலே வந்துட்டாக. மறுநாள் மனசு கேக்காமப் போய்க் கொடுத்தாக" என்றார். கடைக்காரர் பெற்றுக்கொண்ட தொகையையும், அன்று பெய்த மழையையும், அறுந்து போன மிச்சப் பாட்டை அவர் குளிக்கும்போது பாடிக் காட்டியதையும் ஆறு நிமிடம் சொன்னார். இடையில் ஒருமுறை கேசட்டைத் திருப்பிப் போடக் கை நீட்டி, பின் போடாமலே விட்டார்.

இப்பொழுது என் படம் அந்த 'டக்' ஒலியில்தான் தொடங்குகிறது. பாட்டு ஒரு வரிகூட இல்லை. வங்காள நண்பருக்கு அடியில் மொழிபெயர்ப்பு எழுதிக் காட்டினேன். அத்தொழிலாவது எனக்குத் தெரியுமன்றோ? படம் முடிந்ததும் அவர், "அந்த ஏழாவது பாடல் எது? எனக்கு அனுப்புங்கள்" என்று கேட்டார். அனுப்பினேன். முழுப் பாடலையே அனுப்பினேன்.

அவ்வரிசை வீடுகள் இன்று இல்லை. அம்மையார் மகனோடு வேறு குடியிருப்புக்குச் சென்றுவிட்டார். அங்கே போய்ப் படத்தைக் காட்டியபோது, இருமுறை பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி. அவுக எழுத்தைக் காட்டலையே?" என்றார். கேசட் உறையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். நீல மையில் ஏழு பாடல்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஏழாவதன் எதிரே மட்டும் பென்சிலால், 'பாதி' என்று எழுதி அதன் கீழ் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார்.

அச்சீட்டைச் சன்னலருகே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.