மண்மூடிய கங்காபுரி



ஜெயங்கொண்டாரும் ஒட்டக்கூத்தரும் கங்காபுரி எனப் பாடிய கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் காலந்தொட்டு 1279 வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிற்று. இன்று நாம் அங்கே சென்று காண்பது கோயிலை மட்டுமே. மக்கள் வாழ்ந்த நகரம் எங்கே?

மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980இல் தொடங்கிய அகழாய்வில் அரண்மனையின் செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பாணிகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் வெளிப்பட்டன. சில இடங்களில் சுவரின் தடம் மட்டுமே இருந்தது. செங்கலைப் பின்வந்தோர் பெயர்த்துக்கொண்டனர். கோயில் மதிற்கல்லோ 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டச் சென்றது.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வாரம்பெர்சி என்றோர் ஊர் இருந்தது. ஆட்டு மந்தைகளுக்காக உழுநிலம் மேய்ச்சல் நிலமாக்கப்பட, 1500ஐ ஒட்டி அவ்வூர் ஆளொழிந்தது. அங்கும் தேவாலயமே நிற்கிறது. வீடுகள் புல்மூடிய மேடுகள். ஆயினும் அங்கே 40 ஆண்டுகள் கோடைதோறும் அகழ்ந்து உழவரின் வாழ்வைத் தேடினார்கள். நாமோ முதலில் அரண்மனையைத் தேடினோம். அதுவே நம் வழக்கம்!

நல்லவேளையாக, ஊர்ப்பெயர்களை யாரும் பெயர்த்துச் செல்லவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி எனச் சுற்றுச் சிற்றூர்களில் பழைய நகரம் இன்னும் அழைக்கப்படுகிறது. அரசன் பெயரைக் கல் காத்தது. சுண்ணாம்பு குழைத்தவர்களுக்கு இப்பெயரே சாசனம். அருகிலுள்ள ஜெயங்கொண்ட சோழபுரமோ ஜெயங்கொண்டம் எனக் குறுகிவிட்டது.

மயிலையிலிருந்து அங்குச் செல்லும் நம் அன்பர்கள் கோயிலோடு திரும்பாமல், அவ்வூர் முதியோர் வயலுக்கும் குளத்துக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வர வேண்டுகிறேன்.