பட்டம் கைக்கு வரும்வரை

(பொன்விழாவையொட்டிப் பங்கு மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நடந்த கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க நாம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. விண்ணப்பத்திற்கு ஓட வேண்டும், சான்றிதழுக்கு அலைய வேண்டும், பணம் புரட்ட வேண்டும். சேர்த்தபின், 'இனி மூன்று வருடம் கவலையில்லை' என்று இருந்துவிடுகிறோம். உண்மையில் கவனிக்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

நம்மில் மூத்தவர்கள் பி.யூ.சி. படித்தவர்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் அது மறைந்தது. அவர்கள் நினைவில் மேஜர் தேறினால் பட்டம் வந்ததுபோலத்தான். இன்றைய ஏற்பாடு வேறு. ஆறு பருவங்கள், ஐந்து பகுதிகள். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மொத்தம் 140 கிரெடிட் சேர வேண்டும். தமிழ் அல்லது வேறொரு மொழி முதற்பகுதி, ஆங்கிலம் இரண்டாவது, முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் மூன்றாவது. இவற்றை எல்லாரும் அறிவார்கள். நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். சுற்றுச்சூழல் கல்வி, பிற துறை விருப்பப்பாடம், என்.எஸ்.எஸ். போன்ற பணிகள் எல்லாம் அங்கேதான் உள்ளன. சுற்றுச்சூழல் கல்வியோ உச்ச நீதிமன்ற ஆணையின் வழியாகப் பட்டப்படிப்பில் கட்டாயமாக வந்த பாடம், விளையாட்டல்ல.

எங்களிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறோம். முதன்மைப் பாடங்களில் எழுபதுக்குக் குறையாத மதிப்பெண். தகப்பனார் கொத்தனார் வேலை. இரண்டாம் பருவத்தில் காய்ச்சலால் சுற்றுச்சூழல் தேர்வை எழுதவில்லை. 'அது சின்னப் பாடம், பிறகு பார்க்கலாம்' என்று தோழிகள் சொன்னார்கள். மூன்றாண்டு முடிந்தும் அந்த அரியர் நின்றது. அவ்வேளை அரசுத் தேர்வாணைய அறிவிப்பு வந்தது. அறிவிப்பு நாளில் பட்டத் தகுதி கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மறுதேர்வு எழுதித் தேறியபோது அந்த நாள் கடந்திருந்தது. அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்று அவள் தாய் எங்களிடம் சொன்னார். அடுத்த அறிவிப்புக்கு அந்தப் பெண் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வருகைப் பதிவும் அப்படியே. பொதுவாக 75 விழுக்காடு வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தப்பலாம். மிகக் குறைந்தால் தேர்வுக்கூடத்திற்குள்ளேயே விடமாட்டார்கள். திருவிழா, கல்யாணம், அறுவடை என்று பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். (கேட்கக் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தானே வேண்டும்!)

அரியரை எவ்வளவு காலம் இழுக்கலாம்? படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு என்று 2014இல் பல்கலைக்கழக மானியக்குழு வழிகாட்டியது. சில பல்கலைக்கழகங்கள் சிறப்பு வாய்ப்புத் தருவதுண்டு. அதை நம்பி இருக்கலாகாது. பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய திட்டத்தில் எழுதச் சில வாய்ப்புகளே கிடைக்கும். ஆகவே சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டப் புத்தகத்தை வேலை கிடைக்கும்வரை எறிந்துவிடாதீர்கள்.

பாடம் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வார்த்தை. பெயர் கவர்ச்சியாக இருக்கிறதென்று சேர்ந்துவிட்டு, ஆசிரியர் பணிக்குப் போகும்போது 'இது அந்தப் பாடத்திற்கு இணையா?' என்ற கேள்வியில் சிக்குகிறார்கள். இணை என்பதற்கு உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்க வேண்டும். சேருமுன் கேட்டுவிடுவது நலம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 2020இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். அந்தச் சான்றைப் படித்த இடங்களிலேயே அவ்வப்போது வாங்கி வையுங்கள்.

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது? ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்களைப் பங்கிட்டுப் பொறுப்பேற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு; டியூட்டர் என்பார்கள். பலர் அவரைக் கையெழுத்துக்கு மட்டுமே தேடுகிறார்கள். பருவத்துக்கு ஒருமுறையாவது மதிப்பெண் பட்டியலோடு போய், 'ஐயா, எனக்கு இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி?' என்று கேளுங்கள்.

கூச்சமாக இருந்தால் முதலில் எங்களிடம் வாருங்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்குப் பள்ளியின் கீழ் அறையில் இருப்போம். மூலச் சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும்.