குழந்தையின் செந்நிற மறு



பச்சிளங் குழந்தையின் முகத்தில் செந்நிற மறு ஒன்று தென்பட்டால், “கிரகணத்தன்று நீ வெளியே வந்தாய்” என்று பெற்றவள்மீது பழி சுமத்துவோர் இன்றும் உளர். அப்பழிக்கு ஆதாரம் யாதொன்றும் இல்லை. குற்றம் தேடும் நேரத்தில், அம்மறு எவ்வகையது என்று தேடுவதே அறிவுடைமை.

மறுக்களில் இருவகை முக்கியமானவை. பிறக்கும்போதே தட்டையாகப் படிந்திருக்கும் ஒயின்நிறத் தழும்பு தானாக மறைவதில்லை. அது நெற்றியிலும் மேலிமையிலும் பரவியிருப்பின், கண்ணின் உள்ளழுத்தமும் வலிப்பும் நேரக்கூடும். ஆகையால் மருத்துவர் அவற்றை ஆராய்வர். அதன் நிறத்தைக் குறைக்க லேசர் ஒளி பயன்படுகிறது.

மற்றொன்று ஹீமாஞ்சியோமா என்னும் இரத்தக்குழாய்க் கட்டி. பிறந்து சில வாரங்களில் தோன்றி, பெரும்பாலும் ஐந்து மாதங்களுக்குள் தன் வளர்ச்சியை முடித்து, பின்னர்ச் சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடமும் பெண் குழந்தைகளிடமும் இது மிகுதி. பலவற்றிற்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. ஆனால் இமையருகே வளர்ந்தால் பார்வை கெடும். மூச்சுக்குழலில் வளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. உதட்டில் புண்ணானால் பால் குடிக்க இயலாது. தோலில் ஐந்தோ அதற்கு மேற்பட்டவையோ இருந்தால் ஈரலையும் சோதித்தல் வேண்டும்.

2008-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் கிறிஸ்தின் லெயோதே-லப்ரேஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு புதுமையை வெளியிட்டனர். மூக்கில் கட்டியுடைய ஒரு குழந்தைக்கு இருதய நோய்க்காகப் பிராப்ரனலால் கொடுத்தனர். மறுநாளே கட்டியின் சிவப்பு மங்கி, அது மென்மையாயிற்று! அதுகாறும் ஸ்டீராய்டு மருந்துகளையே பெரிதும் நம்பியிருந்த மருத்துவ உலகம், இம்மருந்தை முதன்மையாகக் கொண்டது.

எனினும் இதனைத் தாமே வாங்கிக் கொடுத்தல் ஆகாது. இதயத்துடிப்பும் இரத்தச் சர்க்கரையும் குறையக்கூடும். பாலூட்டிய பின்னரே கொடுத்தல் வேண்டும். குழந்தை பால் குடியாதபோதும் வாந்தியெடுக்கும்போதும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

குள்ளஞ்சாவடி, நெய்வேலிப் பகுதித் தாய்மார்களுக்குக் கடலூர் அரசு மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டாத் தொலைவில் இல்லை. சுண்ணாம்பு தடவுவதும் சூடு போடுவதும் புண்ணையே தரும். கட்டி விரைந்து வளர்வது முதல் சில வாரங்களிலேயே; முகத்தில் மறு கண்டால், ஒரு மாதம் நிறைவதற்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.