வண்ணக்கர் நோக்கில் பழங்காசு



சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வண்ணக்கன் சொருமருங்குமரனார் என்னும் பெயர்கள் வருகின்றன. மாணவர் பலர் இவற்றை ஒப்பித்துவிட்டுக் கடந்து போகின்றனர். வண்ணக்கன் என்பான் நாணய நோட்டம் பார்ப்பவன். கைக்கு வந்த காசை நல்லது இது, போலி இது எனப் பகுத்துரைப்பவன். அத்தொழிலோர் பாட்டும் பாடினர். தமிழ் கற்றோர் கூடிய அவையில் பழங்காசைப் பற்றிப் பேச இந்த உறவு ஒன்றே போதும்.

பழங்காசு ஒன்றைக் கையில் எடுத்தவுடன் எழும் வினாக்கள் இரண்டு. இது மெய்க்காசா? எந்நிலையில் இருக்கிறது? சந்தையில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பளபளப்பது உயர்ந்தது, தேய்ந்தது தாழ்ந்தது, வெட்டுப்பட்டது கழிவு என்பது அங்குள்ள கணக்கு. விலைக்கு அக்கணக்கு பொருந்தலாம். மெய்ம்மை காண்பதற்கு அது பொருந்துவதில்லை.

புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் 1898ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் காலத்தாற் பிந்தியவை, கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெசுபாசியன் காலத்தவை. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு காசுகளில் பேரரசன் தலையின் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. ஜார்ஜ் ஹில் என்னும் ஆங்கில அறிஞர் அவ்வாண்டிலேயே இப்புதையலைப் பற்றி எழுதினார். வெட்டியது ஏன்? உள்ளே செம்பு இருக்கிறதா எனச் சோதிக்கவே வெட்டினர் என்பது ஒரு விடை. பொன்னை உரைத்துப் பார்க்கக் கட்டளைக்கல் இருந்த நாடு இது. வள்ளுவரே அதனை உவமைப் பொருளாக்கினார். சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறல் போதுமே, முகத்தையே தேடி வெட்டுவானேன்? செலாவணியிலிருந்து நீக்கவே வெட்டினர் என்பதும், வேற்றரசன் முகத்தின் ஆணையை மறுக்கவே வெட்டினர் என்பதும் இதனினும் ஏற்புடையன. எவ்வாறாயினும், வணிகரின் விலைப்பட்டியல் குறை என்று எழுதும் அவ்வெட்டுத்தான் அக்காசு தமிழ்நிலத்திற்கு வந்து சேர்ந்த வரலாற்றின் சான்று.

தேய்வும் அத்தகையதே. கை மாறி மாறித் தேய்ந்த காசில் முதலில் மழுங்குவன மேடான இடங்கள்: கன்னம், காதுக்கு மேலுள்ள மயிர்ச்சுருள். பள்ளத்தில் உள்ள எழுத்தடிகள் கூர்மையாகவே நிற்கும். மேடும் பள்ளமும் ஒருசேர மழுங்கியிருப்பின் அது தேய்வன்று; அச்சடித்த மெய்க்காசிலிருந்து கருவெடுத்து வார்த்த போலி என ஐயுற வேண்டும். அத்தகைய போலியில் காற்றுக்குமிழியின் சிறு துளைகளும், விளிம்பைச் சுற்றி அராவிய தடமும் காணப்படுவதுண்டு. ஒரே கீறல் ஒரே இடத்தில் உள்ள காசுகள் இரண்டு கிடைத்தால், ஒன்றேனும் பொய்.

எடையும் தேய்வோடு சேர்த்தே நோக்கத்தக்கது. அகஸ்டஸ் காலப் பொற்காசு ஏறத்தாழ 7.8 கிராம். நீரோ கி.பி. 64 அளவில் அதனை 7.3 கிராமாகக் குறைத்தான். முகம் முழுதும் தேய்ந்த அகஸ்டஸ் காசு ஒன்று குறையாத எடை காட்டுமானால், தேய்வு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும்.

எடையும் உலோகமும் சரியாயிருந்தால் போதுமா என்றால், போதாது. ஜெர்மனி நாட்டுக் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்பவன் தானே அச்சு வெட்டி, விலை குறைந்த மெய்யான பழங்காசுகள் மீதே அரிய காசுகளின் உருவை அடித்தான். பொன்னும் வெள்ளியும் பழமையானவை. முத்திரை மட்டும் புதிது. இரும்புத்தூள் நிறைந்த பெட்டியில் அக்காசுகளை இட்டு, வண்டியில் வைத்துக் குலுக்கி முதுமை ஏற்றினான் என்பர். வண்ணக்கரையும் ஏமாற்றக்கூடிய கை அது! அவனைக் காட்டிக்கொடுப்பது அச்சொப்புமை. ஒரே அச்சில் பிறந்த காசுகளை அடுத்தடுத்து வைத்தால் செதுக்கியவன் கைப்பாங்கு தெரிந்துவிடும்.

தமிழ் கற்றோர் பணி தொடங்குவது இங்கேதான். இரா. கிருட்டிணமூர்த்தி வெளிப்படுத்திய பாண்டியர் செப்புக்காசில் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. அதில் வரும் ழகரம் தமிழுக்கென அமைந்த சிறப்பெழுத்து. எழுத்தறியாது உருவை மட்டும் பார்த்துச் செதுக்குபவன் இத்தகைய எழுத்தில்தான் தடுமாறுவான். கோடு தொடங்கும் இடமும் வளையும் இடமும் பிழைபடும். ஆற்றுமணலிலிருந்து வணிகர் வழி வந்துசேரும் காசுகளுக்கு அகழாய்வு மண்ணடுக்கின் சான்று இல்லை. ஆதலின் எழுத்தின் சான்றே பெரிதும் பேச வேண்டியதாகிறது.

இவ்வளவு சான்றுகளையும் ஒரு நொடியில் அழிப்பது துலக்குதல். செப்புக்காசு கிடைத்தவுடன் புளியிட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைக் களிம்பு போய்விடும். அதனோடு எழுத்தின் மேற்றோலும் போய்விடும். உதிர்ந்து பரவும் வெளிர்பச்சைப் பொடி மட்டுமே நோய். அதற்கும் மருத்துவம் அருங்காட்சியக வேதியியலார் கையில் இருக்கிறது. பொன் களிம்பேறாது என்று அதனை மெருகிடுவோரும் உளர். உளிவெட்டின் உதடுகள் கூர்மையாக இருப்பின், வெட்டிய பின் காசு அதிகம் புழங்கவில்லை எனக் கொள்ளலாம். மழுங்கியிருப்பின், வெட்டுப்பட்ட பின்னும் பல கை மாறியது எனலாம். மெருகிட்ட காசில் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.