நிழற்படமும் நம் வரலாறும்

(பழவேற்காடு ஏரிக்கரையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய நிழற்படங்களையும் காமிராக்களையும் சேர்த்தல் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். அது செல்வர்களின் பொழுதுபோக்கு அன்றோ, வலை வீசிப் பிழைக்கும் நமக்கு அதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அது நமக்கே உரிய கடமை என்பதை எடுத்துரைக்கவே உங்கள் முன் நிற்கிறேன்.

நிழற்படக் கலை 1839-இல் உலகறிய வெளிப்பட்டது. பிரான்சில் தாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதித்தார். இங்கிலாந்தில் டால்பட் தாளை உப்பு நீரில் தோய்த்து, வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, ஒளியில் உருவம் படியச் செய்தார். இருபது ஆண்டுகளுக்குள் அக்கலை சென்னை மாகாணத்தில் வேரூன்றியது. 1858-இல் அரசின் நிழற்படக்காரரான லின்னேயஸ் டிரைப் மதுரை மீனாட்சியம்மன் கோயில் வளாகத்தைப் படமெடுத்தார். அக்கோயிலுள் நம் மக்கள் நுழைந்ததோ 1939-இல். காமிரா நுழைந்து 81 ஆண்டுகள் சென்ற பின்னரே மனிதன் நுழைய முடிந்தது!

நம் போன்றோரை அவர்கள் படமெடுக்காமல் இல்லை. 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய் நின்றவர்களை ஹூப்பர் என்னும் படை அதிகாரி படமெடுத்தார். அப்படங்களில் இருப்போர் யார்? பெயர் இல்லை. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் மனிதரின் முகம் உண்டு. கீழே சாதியின் பெயர் உண்டு. அம்மனிதரின் பெயர் இல்லை. நம்மைப் பார்த்தவர்கள் நம்மிடம் பெயர் கேட்கவில்லை.

1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் நம் பேராளர்களாக அமர்ந்தனர். அம்மாநாட்டுப் படங்களில் அவர்களை நாம் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறோம். பெயருள்ள படமே வரலாறு. பெயரற்ற படம் வெறும் தாள்.

இனி, நம் ஊருக்கு வருவோம். இங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், பதினேழாம் நூற்றாண்டில் மாண்டவர்களின் பெயர்களைக் கல்லில் இன்றும் படிக்கலாம். நம் பாட்டனாரின் தந்தை பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இவ்வேரியில் பாடு முறைப்படி வலை கட்டும் உரிமை குறிப்பிட்ட தலைக்கட்டுகளுக்கே உரியதாய் இருந்து வந்தது. அவ்வுரிமை இல்லாத நம்மவர் சேற்றில் நின்று கையால் இறால் தடவிப் பிழைத்தனர். அவர்களும் இந்நீரை நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று அரிது. பறியோடு நிற்கும் ஒரு மூதாட்டியின் படம், பெயரும் ஊரும் குறிக்கப்பெற்றிருந்தால், நாளை அதுவே சான்றாகும்.

நம் வீடுகளில் படங்கள் மிகச் சிலவே. பள்ளியின் குழுப்படம், திருமணப்படம், 1993-இல் தொடங்கிய வாக்காளர் அடையாள அட்டையின் படம் ஆகியவற்றோடு பல குடும்பங்களின் கையிருப்பு முடிந்துவிடும். அவற்றையும் உப்புக்காற்றும் ஈரமும் அரிக்கின்றன. டால்பட்டின் தாளில் உருவம் தோன்ற உதவிய அதே உப்பு, நம் சுவரில் தொங்கும் உருவத்தை அழிக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, கரையோர வீடுகளில் பெட்டி பேழைகளையும் விட்டுவைக்கவில்லை.

பழைய காமிராக்களையும் புறக்கணித்தல் ஆகாது. பரோடாவில் செய்யப்பட்ட ஆக்பா கிளிக் 3, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே எடுக்கும். யாரை எடுப்பது என்று எண்ணி எண்ணியே அன்று எடுத்தனர். உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இயங்கவில்லை. அதன் 'இந்து' சுருளில் பதிந்த நெகடிவ்கள் எவர் பரணிலேனும் கிடக்கலாம். அவற்றைக் குப்பையில் எறியாதீர்கள். தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழம்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் படியெடுத்துக் காத்துள்ளது. அவர்கள் ஸ்டுடியோக்களுக்குச் சென்றனர். நம் குடிசைகளுக்கு நாமே செல்ல வேண்டும்.

மாணவர்களே! வீடுதோறும் செல்லுங்கள். கைப்பேசியில் படத்தைப் படியெடுத்து, மூலப்படத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். தாளின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: பெயர், ஊர், செய்த தொழில், ஏறக்குறைய எந்த ஆண்டு, இவற்றைச் சொன்னவர் யார். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டா. படம் இன்னும் பத்தாண்டு தாங்கக்கூடும். அதில் இருப்பவர் இன்னார் என்று சொல்லவல்ல பெரியவர் அதுவரை இருப்பாரா?

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இச்சங்கம், அவ்வெழுத்தைக் கொண்டு முதலில் நம் முன்னோரின் பெயரை எழுதச் செய்யட்டும்.